பிரியாணிக்கு ஆள் உண்டு, செப்டிக் டேங்க்குக்கு? வீடற்றோர் காப்பகம் நடத்தும் வழிகள், ஓர் ஒப்பீடு

போன மாதம் பக்கத்து மாவட்டத்திலிருந்து இரண்டு பேர் எங்கள் காப்பகத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் ஊர் பேருந்து நிலையத்தில் படுத்துக் கிடப்பவர்களுக்கு ஓர் இடம் தொடங்க வேண்டுமாம். கையில் கொஞ்சம் பணம், நாலைந்து நண்பர்கள், ஒரு அறக்கட்டளைப் பதிவு. சுற்றிப் பார்த்துவிட்டு டீ குடிக்கும்போது கேட்டார்கள்: "தனியா ஒரு வீடு பிடிச்சு நாமளே நடத்துறது நல்லதா, மாநகராட்சியோட சேர்ந்து நடத்துறது நல்லதா?"

இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் வாய் நிறையப் பதில் இருந்தது. அவர்களுக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பாதியில் நின்ற பதிலை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

எங்கள் கதை சுருக்கமாக. முதல் இரண்டு வருடம் வாடகை வீட்டில், முழுக்க நன்கொடையில் நடத்தினோம். இப்போது மூன்றாவது வருடமாக மாநகராட்சி கொடுத்த கட்டிடத்தில், ஒப்பந்தம் போட்டு நடத்துகிறோம். நான் எந்தக் கட்சி என்று ஒளிப்பதில் பயனில்லை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னால் நேரே மாநகராட்சி அலுவலகத்துக்குத்தான் போவேன். ஆனால் போன தடவை போன மாதிரி வெறுங்கையோடு போக மாட்டேன்.

வாடகை வீட்டு வழிக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடலாம். அதில் வேகம் உண்டு. முடிவெடுத்த பத்தாவது நாள் பாய் விரித்துவிட்டோம். எந்தக் கோப்பும் எந்த மேசையிலும் உட்காரவில்லை. யாரைச் சேர்ப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது எல்லாம் நாங்களே முடிவு செய்தோம். ஓர் அரசியல்வாதியின் பெயரும் சுவரில் ஏறவில்லை. 22 பேர் தங்கினார்கள். மாதம் 18,000 ரூபாய் வாடகை, ஒரு லட்சம் அட்வான்ஸ். இரவுக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர், சமையலுக்கு ஓர் அக்கா.

சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. தொடங்குவதற்கு முன் நாங்கள் பயந்தது சாப்பாட்டுக்குத்தான் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பிறந்த நாள், திருமண நாள், திதி, பரீட்சையில் பாஸ் என்று எதற்காவது ஒரு வீட்டுச் சாப்பாடு வந்துகொண்டே இருக்கும். அமாவாசையன்று மூன்று வீட்டுச் சாப்பாடு வரும், வைக்கப் பாத்திரம் இருக்காது. மறுநாள் நாங்களே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிரியாணி கொடுக்கப் போட்டியே நடக்கும். முதல் தீபாவளிக்கு 22 பேருக்கு 70 போர்வை வந்து சேர்ந்தது.

அந்த ஐப்பசியில்தான் செப்டிக் டேங்க் நிரம்பியது.

மழை விடாமல் பெய்து நிலத்தடி நீர் ஏறி, கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் மேலே வருகிற நிலை. லாரிக்காரர் ஒரு லோடுக்கு 2,500 கேட்டார், இரண்டு லோடு என்றார். நான்கு நாளில் மறுபடி நிரம்பும் என்றும் அவரே சொன்னார். எங்கள் நன்கொடையாளர் வாட்ஸப் குழுவில் அப்போது 180 பேர். நிலைமையை எழுதி, படம் போடாமல், உதவி கேட்டேன். கும்பிடும் கைகள் பதினைந்து வந்தன. ஒருவர், "இதுக்கு 80ஜி ரசீது கிடைக்குமா?" என்றார், வருமான வரிச் சலுகைக்கான ரசீது. கிடைக்கும் என்றேன். அப்புறம் அவரைக் காணோம். அதே நாள் சாயங்காலம் இன்னொருவர் தனியாக அழைத்து, பாப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்த நாள், 50 பேருக்குப் பிரியாணி போடலாமா என்று கேட்டார். கழிவறை இந்த லட்சணத்தில் இருக்கும்போது 50 பேருக்குப் பிரியாணி! வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டோம். லாரிக்கு நாங்கள் நாலு பேரும் கையிலிருந்து போட்டோம்.

அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பசித்தவன் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்கலாம், படம் எடுக்கலாம், பிள்ளைக்குக் காட்டலாம். செப்டிக் டேங்கில் காட்ட என்ன இருக்கிறது? கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியும் இதே ஜாதிதான். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவிட வேண்டும். அதில் எங்களுக்கு ஓர் ஆர்.ஓ. தண்ணீர் இயந்திரம் வந்தது. பெயர்ப் பலகையோடு, திறப்பு விழாவோடு. அடுத்த வருடம் ஃபில்டர் மாற்றக் கேட்டபோது "மெயின்டனன்ஸ் எங்க பட்ஜெட்ல வராது சார்" என்றார்கள். இயந்திரம் இன்னும் இருக்கிறது. அதன் மேல் டம்ளர்களைக் கவிழ்த்து வைக்கிறோம்.

வாடகை வீடா, மாநகராட்சியா என்ற கேள்வியை நான் எடைபோட்ட தராசு இந்த ஒன்றுதான்: யாரும் விரும்பித் தராத செலவை மாதாமாதம் யார் தருவார்கள்? கரண்ட் பில், தண்ணீர் லாரி, கழிவுநீர், மூட்டைப்பூச்சி மருந்து, எல்லாவற்றுக்கும் மேலாக ராத்திரி ஆளுக்குச் சம்பளம். ராத்திரி இரண்டு மணிக்குப் போலீஸ் ஒரு தாத்தாவைக் கூட்டி வந்தால் எழுந்து கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். ஒருவருக்கு வலிப்பு வந்தால் 108ஐ அழைக்க வேண்டும். ஃபேனுக்குக் கீழே யார் படுப்பது என்று இரண்டு பேர் மல்லுக்கு நின்றால் நடுவில் போய் நிற்க வேண்டும். அந்த ஆளின் சம்பளத்துக்கு யாரும் பிறந்த நாள் கொண்டாடுவதில்லை. வாடகை வீட்டில் இருந்த இரண்டு வருடத்தில் எங்களை விட்டுப் போன காவலர்கள் ஐந்து பேர். ஒரு வாரம் ஆளே கிடைக்காமல் நானும் இன்னொரு அறங்காவலரும் மாறி மாறிப் படுத்தோம். மூன்றாவது நாள் என் வீட்டில் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

மாநகராட்சி பக்கம் வருவோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், அங்கே நாம் தர்மம் கேட்கப் போகவில்லை. வீடற்றவர்களுக்குத் தங்குமிடம் அமைக்க வேண்டும் என்று 2010இலிருந்தே உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டு வருகிறது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தில் இதற்கென்றே ஒரு திட்டம் சேர்க்கப்பட்டது. ஒரு லட்சம் நகர மக்களுக்கு 100 பேராவது தங்கும் அளவுக்கு நிரந்தரத் தங்குமிடம், ஆளுக்கு 50 சதுர அடி, வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும், எட்டு மணி நேர முறையில் குறைந்தது மூன்று பராமரிப்பாளர்கள், ஒரு மேலாளர். விதியில் இருப்பது இது. செலவை மத்திய அரசும் தமிழகமும் 60:40 என்று பகிர்ந்தன. கட்டிடம் உள்ளாட்சியுடையது, நடத்துவது பெரும்பாலும் எங்களைப் போன்ற அமைப்பு. சென்னையில் மாநகராட்சிக் காப்பகங்கள் இந்த முறையில்தான் ஓடுகின்றன. அரசு மருத்துவமனைகளை ஒட்டி, நோயாளிகளுடன் வந்து வராண்டாவில் படுத்துக் கிடந்தவர்களுக்கென்றே அங்கே தனித் தங்குமிடங்களும் உண்டு.

விதியில் ஒரு சின்ன வரி எனக்கு மிகவும் பிடிக்கும். தங்குபவர் தன் பொருளை வைத்துப் பூட்ட ஒரு பெட்டி தர வேண்டும் என்று இருக்கிறது. இதை எழுதியவர் நிச்சயம் ஒரு ராத்திரியாவது பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து பேசியிருப்பார். "வாங்க ஐயா, பாய் இருக்கு, சாப்பாடு இருக்கு" என்று நாம் கூப்பிட்டால், பலர் முதலில் கேட்பது, "பையை எங்க வைக்கிறது?" என்பதுதான். அந்தப் பைக்குள் ஆதார் நகல், மனைவியின் போட்டோ, மாத்திரைச் சீட்டு, இரண்டு சட்டை இருக்கும். தலைக்கு வைத்துப் படுக்கிற அதே பை. வாடகை வீட்டில் எங்களிடம் பெட்டி இல்லை. ஒரு பெரியவர் ஒரு வாரம் தங்கிவிட்டு, பையிலிருந்த 600 ரூபாய் காணாமல் போனதும் திரும்பப் பேருந்து நிலையத்துக்கே போய்விட்டார். இங்கே 40 பெட்டிகள் இருக்கின்றன. சாவி அவரவர் கழுத்தில்.

சரி, பணம் எப்படி வந்தது? தாமதமாக வந்தது. இதைப் பூசி மெழுக முடியாது. மத்தியப் பங்கு தவணை தவணையாக மாநிலத்துக்கு வந்து, அங்கிருந்து இயக்கத்துக்கு, அங்கிருந்து உள்ளாட்சிக்கு இறங்க வேண்டியிருந்தது. முந்தின தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போனால்தான் அடுத்தது நகர்ந்தது. நடுவில் எங்கோ ஓர் ஊரின் கணக்கு போகவில்லை என்றால் எல்லா ஊரும் காத்திருக்க வேண்டியிருந்தது. எங்கள் பில் ஒரு முறை பிரிவு எழுத்தர், கணக்கர், தணிக்கை என்று சுற்றி, வருகைப் பதிவேட்டில் ஒரு தேதி அடித்துத் திருத்தியிருக்கிறது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அந்தத் தடவை சம்பளத் தொகை ஏழு மாதம் கழித்து மொத்தமாக வந்தது. ஏழு மாதம் காவலருக்கு என்ன பதில் சொல்வது? நகைக்கடனில் சமாளித்தோம். யார் வீட்டு நகை என்பதை விட்டுவிடுங்கள்.

பிறகு எதற்கு மாநகராட்சி என்று கேட்பீர்கள். பணமாக வருவது தாமதம், பணமாக வராதது தாமதமே இல்லை. வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. கட்டிடத்துக்கு வாடகை இல்லை. கரண்ட் பில் மாநகராட்சி கணக்கிலேயே போய்விடும். குழாய்த் தண்ணீர் வராவிட்டால் லாரி வரும். குப்பை எடுக்கும் அக்காக்கள் காலையில் வந்துவிடுவார்கள். கொசு மருந்து அடிப்பார்கள். கழிவுநீர் வண்டிக்கு சுகாதார ஆய்வாளருக்கு ஒரு போன் போதும், அன்றே வராது, ஆனால் மறுநாள் வந்துவிடும், காசும் கேட்காது. வாரம் ஒரு நாள் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வந்து சர்க்கரை, பிரஷர் பார்க்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாடகை வீட்டில் நாங்கள் மாதம் திண்டாடித் திரட்டியதில் பாதிக்கு மேல் இந்த மாதிரிச் செலவுகளுக்கே போயிருக்கிறது. அது முழுதும் இப்போது எங்கள் தலையில் இல்லை. மிச்சமிருக்கும் சாப்பாடும் துணியும் மருந்தும் ஊர் மக்கள் ஆசையாய்க் கொடுப்பவை. அமாவாசைச் சாப்பாடு வாடகை வீட்டுக்கு வந்த மாதிரியே இங்கேயும் வருகிறது.

அடுத்தது கடிதத் தாள். சிரிக்காதீர்கள், பாதி வேலை அதில்தான் நடக்கிறது.

எங்கள் ஊரில் பேருந்து நிலையத்தில் படுப்பவர் மாநகராட்சியின் ஆள். சாலையைத் தாண்டி ரயில் நிலைய வாசலில் படுத்தால் ரயில்வேயின் ஆள். கோயில் மண்டபத்தில் ஒதுங்கினால் அறநிலையத்துறை. மேம்பாலத்துக்கு அடியில் என்றால் நெடுஞ்சாலைத்துறை. அரசு மருத்துவமனை வராண்டா என்றால் சுகாதாரத்துறை. ஒரே மனிதர், ஒரே ராத்திரியில், 500 மீட்டருக்குள் ஐந்து துறை மாறிவிடுவார். எல்லாரும் அவரை எழுப்பி விரட்டுவார்கள், எவருக்கும் அவர் பொறுப்பில்லை. தனி அறக்கட்டளையாக இருந்தபோது மருத்துவமனைக்குப் போன் செய்தால் "நீங்க யாரு?" என்பார்கள். அதோடு முடிந்தது. ஆதரவில்லாத நோயாளிகள் டிஸ்சார்ஜ் ஆகிக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு நாள் கழித்து நாங்கள் கண்டெடுப்போம், புண்ணில் புழுவோடு. இப்போது ஆணையர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று உறைவிட மருத்துவ அலுவலரிடம் இருக்கிறது. டிஸ்சார்ஜுக்கு முன்னால் வார்டிலிருந்தே அழைக்கிறார்கள். எல்லா வார்டும் இல்லை, நாலில் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆதாரும் இப்படித்தான். முகவரி இல்லாதவருக்கு, அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை ஆதார் மையம் ஏற்றுக்கொள்ளும். அங்கீகாரம் என்ற சொல்லில்தான் வாடகை வீடு மாட்டிக்கொள்ளும். ஆதார் வந்தால் வங்கிக் கணக்கு, அதற்குப் பின் முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் 2023இல் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது. எங்கள் காப்பகத்தில் ஒன்பது பேர் வாங்குகிறார்கள். பணம் வந்த அன்று பாதிப் பேர் வெற்றிலை பாக்கு, பீடி வாங்குவார்கள். ஒரு பாட்டி மட்டும் எனக்கு ஒரு டீ வாங்கித் தருவார். மறுத்தால் கோபித்துக்கொள்வார்.

சாவு ஒன்றையும் சொல்ல வேண்டும். வாடகை வீட்டின் இரண்டாம் வருடம், மார்கழியில் ஒரு தாத்தா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். காலை ஆறரைக்குப் பார்த்தோம். உறவு யாரென்று தெரியாது. காவல் நிலையம், மருத்துவமனைப் பிணவறை, புகார், கையெழுத்து என்று இரண்டு நாள் அலைந்தோம். அதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். நல்ல மனிதர்தான். வாசலில் நின்றபடியே, "தம்பி, தெருவுல எல்லாம் ஒரு மாதிரி பேசுறாங்க, பொண்ணுக்கு வரன் பாக்குற வீடு" என்றார். மூன்று மாதத்தில் காலி செய்து தரச் சொன்னார். நாங்கள் மாநகராட்சிக்குப் போன உடனடிக் காரணம் அதுதான். இங்கே வந்தபின் மூன்று சாவு நடந்துவிட்டது. போலீஸ் நடைமுறை ஒன்றேதான். ஆனால் வண்டி, மயானம், இறப்புப் பதிவு மூன்றும் மாநகராட்சியின் வேலை. முகவரி என்ற இடத்தில் காப்பகத்தின் முகவரியை எழுதிக்கொள்கிறார்கள். யாரும் எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை.

இதர வழிகள் இரண்டைப் பற்றிக் கொஞ்சம். எனக்கு அவற்றில் கை அனுபவம் இல்லை, அதனால் சுருக்கமாகவே.

டெல்லியில் 2010இலேயே சட்டம் போட்டு நகர்ப்புறத் தங்குமிட மேம்பாட்டு வாரியம் என்று ஒன்றை அமைத்திருக்கிறார்கள். இரவுத் தங்குமிடங்கள் அதன் பொறுப்பு. கான்கிரீட் கட்டிடமும் உண்டு, இரும்புக் கூடாரம் மாதிரியான போர்ட்டா கேபினும் உண்டு. அங்கேயும் உள்ளே நடத்துவது அமைப்புகள்தான். நான் அங்கே இரண்டு நாள் சுற்றிப் பார்த்ததை வைத்துப் பெரிதாகப் பேசக் கூடாது. ஆனால் இதற்கென்றே ஒரு வாரியம் இருந்தால், இது யார் வேலை என்ற கேள்விக்காவது ஒரே பதில் இருக்கும். நம் மாநகராட்சிகளில் காப்பகம் என்பது சாலை, குடிநீர், குப்பைக்குப் பிறகு கடைசிப் பக்கத்தில் வரும் சமாச்சாரம். ஆணையர் மாறினால் அக்கறையும் மாறும். எங்களுக்கு மூன்று வருடத்தில் மூன்று ஆணையர்கள்.

இரண்டாவது வழி, காப்பகமே வேண்டாம், நேரே வீட்டைக் கொடு என்பது. பின்லாந்து 2008இலிருந்து அரசும் பெரிய நகரங்களும் ஒப்பந்தம் போட்டுச் செலவைப் பகிர்ந்து இதைச் செய்கிறது. ஹெல்சிங்கியில் 250 படுக்கை இருந்த ஒரு பழைய காப்பகத்தை 2012இல் 81 சிறு குடியிருப்புகளாக மாற்றினார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அங்கே வாடகைக்கு அரசின் உதவித்தொகை உண்டு. இங்கே வீடு கொடுத்தால் ஊருக்கு வெளியே கொடுப்பார்கள். சென்னை பாரிமுனை நடைபாதையில் மூட்டை தூக்கிப் பிழைப்பவருக்குப் பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்கினால் விடியற்காலை வேலைக்கு எப்படி வருவார்? நாங்கள் சொந்தப் பணத்தில் இரண்டு பேருக்கு ஒரு சின்ன அறை பிடித்துக் கொடுத்துப் பார்த்தோம். ஒருவர் மூன்றாவது மாதம் திரும்பி வந்துவிட்டார், தனியாகப் படுக்கத் தூக்கம் வரவில்லையாம். மற்றவர் அங்கேயே இருக்கிறார், டீக்கடையில் வேலை. இரண்டு பேரை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

பெண்களுக்கான காப்பகம் நாங்கள் நடத்தியதில்லை. அதற்கு இங்கே சொன்ன கணக்கு பொருந்துமா என்று கேட்டால், பாதுகாப்புச் செலவு ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்று நடத்துபவர்கள் சொல்கிறார்கள். மனநலம் பாதித்தவர்கள் விஷயமும் வேறு. 2017 மனநலச் சட்டத்தின்படி அப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது காவல்துறையின் கடமை. சிகிச்சைக்குப் பல மாவட்டங்களில் அரசு மருத்துவமனையோடு சேர்ந்த அவசர மீட்பு மையங்கள் இருக்கின்றன. காப்பகத்தில் படுக்க வைத்துச் சமாளித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நாங்கள் ஒரு முறை நினைத்தோம், ஜன்னல் கண்ணாடியோடு போயிற்று.

இன்னொரு தலைவலி, சுற்றியுள்ள சின்ன ஊர்கள். விதி லட்சம் பேருக்கு ஒன்று என்றுதானே கணக்குப் போடுகிறது? 40,000 பேர் உள்ள நகராட்சியிலும் பேரூராட்சியிலும் காப்பகம் இருக்காது. திருவிழா வந்தாலோ பெரிய மனிதர் யாராவது வருவதாக இருந்தாலோ ராத்திரியோடு ராத்திரி வேனில் ஏற்றி எங்கள் ஊர் எல்லையில் இறக்கிவிட்டுப் போவது நடக்கிறது. சண்டை போடுவதை விட்டுவிட்டு, மூன்று உள்ளாட்சிகள் சேர்ந்து ஒரு காப்பகத்தின் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாமே என்று ஒரு நகராட்சியில் பேசிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டார்கள். "எங்க ஊர் நிதியை உங்க ஊர்ல செலவு பண்ணினா ஆடிட்ல நிக்கும் சார். ஆளா வேணும்னா அனுப்புறோம்" என்றார்கள். ஆள்தான் ஏற்கெனவே அனுப்புகிறீர்களே என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன். அதே ஊர்க்காரர்கள் 2020 ஊரடங்கில் பள்ளிக்கூடத்தையும் கல்யாண மண்டபத்தையும் இரண்டே நாளில் திறந்து ஆட்களைத் தங்க வைத்தார்கள். அப்போது ஆடிட் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை.

இப்போது எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி, வாழ்வாதார இயக்கம் 2024இல் முடிந்துவிட்டதே, இனிப் பணம் எங்கிருந்து வரும் என்பது. புதிய நகர்ப்புற வறுமை ஒழிப்பு இயக்கம் ஒன்றை இறுதி செய்துகொண்டிருப்பதாகவும் அதில் வீடற்றோர் தங்குமிடமும் வரும் என்றும் 2025 பிப்ரவரியில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. எங்களைப் பொறுத்தவரை இதுவும் என் கட்சிக்கே சாதகம். டெல்லியிலிருந்து வரும் சம்பளப் பணம் நின்றாலும் கட்டிடமும் கரண்டும் தண்ணீரும் உள்ளூரிலிருந்து வருபவை, நிற்கவில்லை. சம்பளத்தை மட்டும்தான் நாங்கள் தேட வேண்டியிருந்தது. வாடகை வீடாக இருந்தால் இந்நேரம் பூட்டியிருப்போம்.

வந்தவர்களிடம் சொல்ல நினைத்து விட்டுப்போன இரண்டு விஷயங்கள். ஒன்று, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஆறு மாதச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். எங்களிடம் நான்கு ஊழியர், மாதம் 46,000. ஆறு மாதத்துக்கு 2,76,000. அதைத் திரட்டுவது கஷ்டம்தான். ஆனால் காப்பகம் தொடங்கும் உற்சாகத்தில் ஊர் கொடுக்கும் முதல் பணம் இருக்கிறதே, அதைக் கட்டில் மெத்தைக்குச் செலவு செய்யாமல் இதற்கு ஒதுக்கினால் முடியும். மெத்தை எப்படியும் யாராவது கொடுப்பார்கள். அரசுத் தொகை வந்ததும் எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். நாங்கள் இதைச் செய்யாமல் இறங்கியதால்தான் நகைக்கடைக்காரர் எங்களை இன்றும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

இரண்டாவது, எதை யார் செய்வது என்று ஒப்பந்தத்தில் வரி வரியாக எழுதி வாங்குங்கள். "பராமரிப்பு மாநகராட்சியைச் சார்ந்தது" என்று பொதுவாக இருந்தால் போதாது. மோட்டார் எரிந்தால் யார்? ஓடு உடைந்தால் யார்? எங்கள் முதல் ஒப்பந்தத்தில் அந்த ஒற்றை வரிதான் இருந்தது. மோட்டார் எரிந்தபோது பொறியியல் பிரிவு சுகாதாரப் பிரிவைக் காட்டியது, சுகாதாரப் பிரிவு பொறியியல் பிரிவைக் காட்டியது. 40 பேர் ஒன்பது நாள் அடிபம்பில் குளித்தார்கள். கடைசியில் வார்டு கவுன்சிலர் அம்மா நேரில் வந்து பார்த்துவிட்டு, யாரையோ போனில் ஒரு பிடி பிடித்தார். மறுநாள் மோட்டார் வந்தது. கவுன்சிலரைத் திறப்பு விழாவுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள், ஒரு மழை நாளில் கூப்பிடுங்கள்.

அடுத்த மாதம் எங்கள் ஒப்பந்தம் புதுப்பிப்புக்கு வருகிறது. மோட்டார், மின்கம்பி, கழிவறைக் குழாய், கழிவுநீர்த் தொட்டி, நான்கையும் பெயர் சொல்லிச் சேர்க்கக் கேட்டிருக்கிறோம். கோப்பு இப்போது பொறியியல் பிரிவில் இருப்பதாகச் சொன்னார்கள். நேற்றுப் போய் விசாரித்தேன். சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்களாம்.